ஐந்து பிளேட்டும் ஒரு குண்டும்

மே 5, திங்கள்

உற்றார், உறவினர், அக்கம்பக்கத்தார் யாவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: எங்கள் வீட்டுக் குளியலறையில் ஆறாண்டுகள் அயராது தொண்டாற்றிய நீல பக்கெட், இன்று காலை 7.10 மணியளவில், யாருடைய தூண்டுதலும் இன்றி, தன் கைப்பிடியைத் தானே துறந்து பதவி விலகியது. சம்பவ இடத்தில் இருந்த ஒரே சாட்சி நான். சாட்சிக்குக் காயமில்லை.

மற்றச் செய்திகள் இதற்கு அடுத்தபடிதான். அக்கா ஆக்னஸுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஒரு பால் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. கம்பெனி கொடுக்கும் வண்டியில் பதினான்கு ஊர் சுற்றி, பாலில் எவ்வளவு பால் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்ததற்கு இப்படி ஒரு தண்டனை. ஒரே நிபந்தனை, ஜூன் 1 சேரும்போது கியர் வண்டி லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அவளுக்கு டெஸ்ட் மே 21. அதை விட்டால் அடுத்த தேதி ஜூன் பாதியில். அதுவரை காத்திருக்க மாட்டோம், வரிசையில் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று கம்பெனிக்காரர் போனிலேயே சொல்லிவிட்டார்.

டெஸ்ட் என்றால் எட்டு. காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஊன்றினால் வீட்டுக்குப் போகலாம். அப்பா லாரியோடு நாக்பூர் பக்கம் போயிருப்பதால் அவருடைய பழைய பைக் சும்மா கிடக்கிறது. அக்கா அதை எடுத்துக்கொண்டு மாதா கோயில் மைதானத்துக்குப் போனாள். கோயில் பாதிரியாரான பங்குச் சாமியிடம் கேட்டு, மதில் வேலைக்கு இறக்கியிருந்த செங்கலில் இருபதை எடுத்தாள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் அளவை யாரிடமோ விசாரித்து, டேப் பிடித்து, பெரிய எட்டாக அடுக்கினாள். முதல் நாளே நாலு சுற்று கால் ஊன்றாமல் ஓட்டினாள்.

எல்லாம் சரி. அந்த எட்டின் மேல் வட்டம் வந்து உட்கார்ந்திருப்பது எங்கள் கிரிக்கெட் பிட்ச்சில். பவுலர் ஓடி வர இடமில்லை. முறையிட்டேன்.

"உனக்கு விளையாட்டு, எனக்கு வேலைடா எருமை" என்றாள்.

எட்டாத எட்டுக்கு எங்கள் பிட்ச் பலி.

மே 6, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு எழுந்து முதல் பூசைக்குப் போனேன். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள், கண் கலங்க.

பிட்ச் இன்று அரை அடி நீளமாகியிருக்கிறது. மாதாவின் கிருபை.

மே 8, வியாழன்

மறுபடி முதல் பூசை. மறுபடி அரை அடி. அக்கா இன்று மூன்று தடவை கால் ஊன்றினாள்.

"நேத்து நல்லா வந்துச்சேடா" என்று என்னிடமே கேட்டாள்.

"கவனம் வேணும்க்கா" என்று அறிவுரை கூறினேன்.

மே 10, சனி

அம்மா என்னைப் பாதிரியாராக்கச் செமினரிக்கு அனுப்புவது பற்றி அத்தையிடம் போனில் பேசுகிறாள். இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை.

பவுலர் இப்போது தாராளமாக ஓடி வருகிறான். என் நண்பன் டெனிஸ் (உருவத்தால் டப்பா, பட்டப்பெயராலும் டப்பா) ஏழு விக்கெட் எடுத்தான். அக்கா பதினோரு தடவை கால் ஊன்றினாள். எட்டின் நடுவில் நின்று எஞ்சினை உறும விட்டு, கிளட்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு, வண்டியைப் பெருச்சாளி மாதிரி நகர்த்தி நகர்த்தித் திருப்புகிறாள். மைதானம் முழுக்க ஏதோ கருகிய வாடை. பங்குச் சாமி சன்னலைச் சாத்திக்கொண்டார்.

மே 12, திங்கள்

வண்டி போய்விட்டது. போய்விட்டது என்றால், போகவில்லை.

அக்கா முதல் கியரைப் போட்டாள். கிளட்சை விட்டாள். எஞ்சின் "ஆஆஆ" என்று கத்துகிறது, சக்கரம் "எனக்கென்ன" என்கிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம்தான் ஓடுகிறது, வண்டி ஓடவில்லை. லீவு ஸ்லிப் எழுதிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வராத பையன் போல.

"டேய், என்னடா ஆச்சு?"

"கிளட்ச் ஸ்லிப் ஆகுதுக்கா" என்றேன், ரொம்பத் தெரிந்தவன் போல. அந்த வார்த்தை டப்பா சொன்னது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? நான் என்ன பண்ணினேன்?"

எனக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தோம். ஒன்பது நாள்தான் இருக்கிறது என்று அவள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். எட்டு போட வேண்டியவள் ஒன்பதை எண்ணுகிறாள்.

மே 13, செவ்வாய்

மெக்கானிக் பஷீர் அண்ணன் கடையில் ஷட்டர். நாகூருக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார், ஒரு வாரம் கழித்து வருவார் என்று அட்டையில் எழுதித் தொங்குகிறது. பைபாஸ் கடைக்காரர் வண்டியைப் பார்க்காமலே, "முன்னாடி பன்னிரண்டு வண்டி நிக்குது தம்பி, அடுத்த வாரக் கடைசியில விசாரி" என்றார். வேறு யாருடைய வண்டியாவது வாங்கிப் பழகு என்றாள் அம்மா. எதிர்வீட்டு ஸ்கூட்டரில் கியர் இல்லை. தெருவில் பைக் வைத்திருக்கிற மற்றவர்கள் எல்லாரும் அதிலேயே வேலைக்குப் போகிறவர்கள்.

எனவே இன்று மாலை 6 மணிக்கு, சமையலறை வாசலில், நான் ஒரு பிரகடனம் செய்தேன்.

"கிளட்சை நானே பிரிச்சு மாட்டறேன்."

அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "நீ டியூப்லைட் மாத்தினப்பவே தெரு முழுக்க கரண்ட் போச்சு" என்றாள்.

"அது தற்செயல்."

"பிரிச்சா மாட்டத் தெரியுமா?"

"மாட்டத் தெரியாமலா பிரிப்பாங்க?"

அம்மா, "அவன் பூசைக்கெல்லாம் போறான், சாமி துணை இருக்கும், விடு" என்றாள். எனக்குக் கொஞ்சம் புரையேறியது.

மே 14, புதன்

சரித்திரத்தில் பொறிக்க வேண்டிய நாள்.

டப்பாவின் போனில் ஒரு வீடியோ. அதில் ஒருவர் இதே வண்டியின் கிளட்சைப் பிரிக்கிறார். முழுக்க இந்தி. நாங்கள் வாயைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தோம். முக்கியமான இடம் வரும்போதெல்லாம் விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிவதற்குள் அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார், நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

பதவி விலகிய நீல பக்கெட்டுக்கு மறுவாழ்வு கொடுத்து எஞ்சினுக்கு அடியில் வைத்தேன். ஆயில் வடிந்தது, சுக்குக் காப்பி நிறத்தில். ஆயில் மாற்றினால் ஆயுள் கூடும் என்று டப்பாவிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தான். பிறகு கிக்கரைக் கழற்றி, வலது பக்க மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, மூடியை ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. திறந்தது.

உள்ளே ஒரு கூடை. கூடைக்குள் தட்டு மேல் தட்டாக அடுக்கு. மேலே நான்கு ஸ்பிரிங். ஸ்பிரிங்கை எடுத்து, மேல் மூடியைத் தூக்கினால் ஒரு கம்பி. அதை உருவினால் உள்ளே இன்னொரு கம்பி. அந்த நேரத்தில் "டங்" என்று பக்கெட்டில் ஒரு இரும்புக் குண்டு விழுந்தது. என் சட்டைப் பையிலிருந்துதான் விழுந்திருக்கும். சைக்கிள் பேரிங் குண்டுகளை வகுப்பில் யாராவது எழுந்திருக்கும்போது பெஞ்சில் உருட்டிவிடுவதற்காக எப்போதும் வைத்திருப்பேன். என் பை ஒரு குண்டுக் கிடங்கு. துடைத்து, குண்டுகளைச் சேர்த்து வைக்கும் என் காலித் தைல டப்பாவில் மற்றதோடு போட்டு வைத்தேன். எண்ணினேன், இருபத்திநாலு. போன மாதம் இருபத்திமூன்றுதான் இருந்ததாக நினைவு. நினைவு தவறுகிற வயதா எனக்கு?

உராய்கிற பிளேட் ஐந்து. இடையிடையே வெறும் இரும்புத் தட்டு நான்கு. ஐந்தும் கறுத்து, பூச்சு உதிர்ந்து, அம்மா மறந்துவிட்ட அப்பளம் போல இருந்தன. எடுத்த வரிசை மாறாமல் ஒரு செய்தித்தாளில் அடுக்கி, 1, 2, 3 என்று எழுதினேன். பிறகு கோழி நடந்து போனது.

அக்கா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். டப்பாவின் போனை வாங்கி அந்த வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். எதற்கு? தெரியாது.

மே 15, வியாழன்

பழைய பிளேட் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை விரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"யாரு தம்பி ஓட்டினது?"

"ஏன்ணே?"

"வெந்து போய்க் கிடக்கு. இது ஓடித் தேயல. பாதி கிளட்ச்லயே வச்சுத் தேச்சிருக்காங்க. சந்துக்குள்ள வண்டிய நகத்தி நகத்தித் திருப்பினா இப்பிடி ஆகும்."

"சந்தெல்லாம் இல்லண்ணே. மைதானத்துல எட்டு போட்டுப் பழகினாங்க."

"எட்டுக்கா? எட்டுல என்னத்துக்கு இவ்வளவு கிளட்ச்? தாராளமா வளைஞ்சு போற இடமாச்சே. அப்பிடியே மெதுவாப் போகணும்னாலும் கிளட்ச விட்டுட்டு பின் பிரேக்கை லேசா மிதிக்கச் சொல்லு."

"கொஞ்சம் சின்ன எட்டுண்ணே" என்று சொல்ல வாய் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. மூடிக்கொண்டேன்.

புது செட் கொடுத்தார். ஒரு இரவு முழுக்க ஆயிலில் ஊறப்போட்டு மாட்டச் சொன்னார். இட்லிக்கு அரிசி மாதிரி.

மே 16, வெள்ளி

பிளேட் ஊறுகிறது. குறிப்பிடும்படி வேறு எதுவுமில்லை. முதல் பூசைக்குப் போகவில்லை. தலைவலி.

மே 17, சனி

இன்று பிற்பகல் 3.25-க்கு, பதினாறு வயது நிரம்பாத பிரிட்டோ என்னும் இளைஞன், தனியொருவனாக (டப்பா ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான், அவ்வளவுதான்) ஒரு முழு கிளட்சையும் மாட்டி முடித்தான் என்பதை வருங்காலச் சந்ததி அறிக.

பிளேட், தட்டு, பிளேட், தட்டு. கோழி கலைத்த வரிசையை வீடியோ பார்த்துச் சரிசெய்தேன். டப்பா ஒவ்வொரு பிளேட்டையும் மூன்று தடவை எண்ணி எனக்கு பிளேடு போட்டான். கம்பியைச் சொருகினேன். ஸ்பிரிங் நான்கையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். மூடியை மூடினேன். புது ஆயில். கைப்பிடியில் கிளட்ச் ஒயரை மாட்டினேன். மிச்சமாகத் தரையில் ஒரு பொருளும் இல்லை. ஒன்றுமே மிச்சமில்லை என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

அம்மா, அக்கா, எதிர்வீட்டு மாமி, கோழி முன்னிலையில் வெள்ளோட்டம். உதைத்தேன். எஞ்சின் பிடித்தது. கிளட்சை அமுக்கினேன். அமுக்கும்போதே கையில் ஒன்றும் தெரியவில்லை. அழுகிய வாழைப்பழத்தைப் பிடித்தது போல் இருந்தது. புது பிளேட் என்பதால் மிருதுவாக இருக்கிறது என்று முடிவு செய்து முதல் கியரைப் போட்டேன்.

வண்டி என்னைக் கேட்காமலே கிளம்பியது. தண்ணீர்த் தொட்டியை முட்டி நின்றது. நான் நிற்கவில்லை, தொட்டிக்குள் போனேன்.

முன்பு கிளட்ச் பிடிக்கவே இல்லை. இப்போது விடவே இல்லை. எது வியாதி, எது மருந்து?

மே 18, ஞாயிறு

காலை பூராவும் ஆராய்ச்சி. ஒயரை இழுத்துக் கட்டினேன், பயனில்லை. தளர்த்தினேன், பயனில்லை. ஒரு தட்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டேனோ? தட்டுக்கு ஏது தலை? ஆயில் அதிகமோ? ஸ்பிரிங் இறுக்கமோ? வீடியோ மனிதரை மூன்று தடவை பார்த்தேன். அதே இடத்தில் அதே சோப்பு விளம்பரம். டப்பா, "ஒருவேளை வண்டிக்கு நம்மள பிடிக்கலையோ" என்றான். இதுவரை கிடைத்ததில் அதுதான் தெளிவான விளக்கம்.

மதியம் நான் கொல்லையில் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே அக்கா அப்பாவோடு போனில் பேசினாள். ஒட்டுக்கேட்கவில்லை. காது திறந்திருந்தது.

"வண்டியை விடுங்கப்பா. வண்டி நல்லா இருந்தப்பவும் எனக்கு வரலை. முதல் நாள் சும்மா சுத்தினேன்ப்பா, நாலு தடவை. அப்புறம் நாளுக்கு நாள் மோசம். எல்லாருக்கும் பழகப் பழக வரும். எனக்குப் பழகப் பழகப் போகுது. … இல்லப்பா, அழலை. … அந்த கம்பெனிக்காரர்கிட்ட வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன். பதினாலு ஊர் ரோட்டுல போய் விழறதுக்கு இப்பவே விட்டுடலாம். … நாளைக்கு அந்தச் செங்கல்லைப் பொறுக்கி பங்குச் சாமிகிட்ட கொடுத்துடறேன்."

தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, குழாயை மூட மறந்துவிட்டேன். அம்மா கத்தினாள்.

மாலை. காற்று வாங்க மைதானத்துக்குப் போனேன். திரும்பும்போது உள்ளங்கை முழுக்கச் செங்கல் தூள். எங்கள் பிட்ச் மறுபடி சிறுத்துவிட்டது. பவுலர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

மே 19, திங்கள்

செங்கல் பொறுக்க ஒரு சாக்குப் பையோடு காலையில் போன அக்கா, ஒரு மணி நேரம் கழித்து வெறும் சாக்கோடு வந்தாள்.

"செங்கல் எங்கக்கா?"

"இருக்கட்டும்."

அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாள். பாலில் தண்ணீர் பார்க்கிறவள் பார்ப்பது போல ஒரு பார்வை. கம்பெனிக்காரர் இவளைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

"டவுனுக்குப் போய்ட்டு வா" என்று ஒரு பட்டியல் கொடுத்தாள். ஆதார் ஜெராக்ஸ், எல்.எல்.ஆர். ஜெராக்ஸ், அவளுடைய போட்டோ பிரிண்ட், அம்மாவுக்குத் தைலம், கவர் நான்கு, அத்தை வீட்டில் ஒரு பாத்திரம்.

"இதெல்லாம் இன்னைக்கேவா? நீ டெஸ்ட்டுக்கே போகலைன்னு..."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல" என்று ஓடிவிட்டேன்.

திரும்பும்போது மணி மூன்று. வண்டி அதே இடத்தில் நான் மூடிவைத்த படுதாவுக்கு அடியில் இருந்தது. மூடிப் பக்கம் மட்டும் யாரோ துடைத்தது போல் பளபளப்பு. அம்மா இட்லி மாவு ஆட்டிக்கொண்டு, காரணமில்லாமல் பாட்டு முணுமுணுத்தாள். அக்காவின் நகங்களில் எல்லாம் கறுப்பு. பெண்கள் என்னென்னவோ பூசுகிறார்கள், நமக்கென்ன. தைல டப்பாவைத் திறந்தேன். இருபத்திமூன்று குண்டு. நான் சொல்லவில்லையா, இருபத்திமூன்றுதான் என்று? நினைவு சரியாகத்தான் இருக்கிறது.

மாலையில் அக்கா, "டேய், இன்னொரு தடவை கிளட்ச்சைப் பிடிச்சுப் பாரேன்" என்றாள், குரலை எங்கோ வைத்துக்கொண்டு.

பிடித்தேன். கை நிறையப் பிடிப்பு! கியர் போட்டேன், நின்றது. விட்டேன், நகர்ந்தது. மறுபடி பிடித்தேன், நின்றது. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தேன். தண்ணீர்த் தொட்டி பயந்துபோய் நின்றதே தவிர ஒன்றும் ஆகவில்லை.

புது கிளட்ச் என்பது புது செருப்பு மாதிரி, இரண்டு நாள் கிடந்து பதமாக வேண்டும். இதை வீடியோக்காரர்கூடச் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். டப்பாவுக்குப் போன் செய்து, இனி என்னை மாஸ்டர் என்று கூப்பிடச் சொன்னேன்.

மே 20, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதுகிறேன். யாருக்காவது புரிந்தால் எனக்குச் சொல்லவும்.

காலை ஆறு மணி. நடைப்பயிற்சிக்காக மைதானத்துக்குப் போனேன். செங்கல் எல்லாம் சின்ன எட்டாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மாலை அவை பெரிய எட்டாக இருந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். (வேறு யாரோ வைத்ததை, தற்செயலாக.) சரி, எப்படியோ ஆகிவிட்டது. அவை பெரிய எட்டாயின. எப்படி என்று கேட்காதீர்கள், இடுப்பு வலிக்கிறது.

பத்து மணிக்கு டப்பாவோடு அந்த வழியாகப் போனேன். சின்ன எட்டு!

பங்குச் சாமி? மணியடிக்கிற கோயில் பிள்ளை? மதில் கட்டும் கொத்தனார்? பேய் என்றால் மாதா கோயிலில் எப்படி? டப்பாவைக் காவலுக்கு வைத்துவிட்டு மறுபடி... மறுபடி அவை பெரியதாயின. டப்பா பதினைந்து நிமிடம் காவல் காத்து, பசிக்கிறது என்று போய்விட்டான்.

நாலு மணிக்கு அக்கா வண்டியை எடுத்தாள். நான் பின்னால் ஓடினேன். போய்ச் சேர்ந்தால், சின்ன எட்டு. அக்கா துப்பட்டாவை இறுக்கிக் கட்டினாள். உள்ளே போனாள்.

"க்கா, இது ரொம்பச் சின்னதா இருக்கே... கல்லை வேணா கொஞ்சம்..."

"எனக்கு எப்பவும் இதே அளவுதானே?" என்றாள், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. முகம் தெரியவில்லை.

கிளட்சை விட்டுவிட்டு, பின் பிரேக்கை லேசாக மிதித்து (ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சொன்னதை வெள்ளிக்கிழமையே அவளிடம் சொல்லியிருந்தேன், அதை மட்டும்), சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து. எட்டாவது சுற்றுக்கு மேல் நான் எண்ணவில்லை. ஒரு தடவைகூடக் கால் கீழே வரவில்லை. கருகிய வாடையும் இல்லை.

நாகூரிலிருந்து வந்து இறங்கிய பஷீர் அண்ணன் அந்த வழியாகப் போனவர், நின்று பார்த்தார். வண்டியை வாங்கி, கிளட்சை நாலு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"யாரு மாட்டினது?"

"நான்தாண்ணே."

"அட! பதமா இருக்கே. இந்த வண்டியில ரெண்டு கம்பிக்கு நடுவுல ஒரு குண்டு வரும். எல்லாரும் அதத்தான் கோட்டை விடுவாங்க. உருண்டு எங்கயாவது போயிரும், அப்புறம் எவ்வளவு அமுக்கினாலும் கிளட்ச் விடவே விடாது. கிரீஸ் வச்சு ஒட்டித்தானே உள்ள விட்ட?"

"ஆ... ஆமாண்ணே. கிரீஸ்தான்."

அக்காவுக்கு இருமல் வந்தது. ரொம்ப நேரம் இருமினாள்.

"கெட்டிக்காரன்டா நீ. லீவுல கடைக்கு வா" என்று முதுகில் தட்டினார். தட்டிய இடம் ஏனோ சுட்டது.

வீட்டுக்கு வந்து தைல டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். இருபத்திமூன்று. மறுபடி எண்ணினேன். பிறகு அக்காவின் நகங்கள் ஞாபகம் வந்தன.

மே 21, புதன்

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் அந்த எட்டைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டாள். மஞ்சள் கோடு போட்ட எட்டு, எங்கள் ஊர் ஏரியைப் போல விரிந்து கிடந்தது. அவளுக்கு முன்னால் போன இரண்டு பேர் அதிலும் கால் ஊன்றினார்கள். அக்கா ஏதோ கடைக்குப் போகிறவள் மாதிரி உள்ளே போனாள், ஒரு சுற்று, இன்னொரு சுற்று, வெளியே வந்தாள்.

இன்ஸ்பெக்டர், "எங்கம்மா பழகினீங்க?" என்றார்.

"வீட்டுப் பக்கத்துலதான் சார். தம்பி கல் வச்சுக் கொடுத்தான்" என்றாள்.

எனக்குத் தரையைப் பார்க்கத் தோன்றியது. தரையில் அந்த மஞ்சள் கோடு.

பாஸ். வெளியே கரும்பு ஜூஸ் கடை. எனக்கும் ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தாள். அது திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

"க்கா... அந்தச் செங்கல்..."

"திங்கக்கிழமை பொறுக்கப் போனேன்ல? கல்லு எல்லாம் முதல் நாள் மாதிரி தூரத்துல இருக்கு. உள்பக்கம் பூரா, கல்லு இருந்த இடத்துல புல்லு வெளுத்து வரிசையா தடம். அரை அடிக்கு ஒண்ணா. படிக்கட்டு மாதிரி. எண்ணிப் பாத்தேன், ஆறு. நீ பூசைக்குப் போனது ஆறு நாள்."

டம்ளரில் ஜூஸ் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன்.

"அங்கயே உக்காந்து அழுதேன்டா. அப்புறம் சிரிச்சேன். எனக்கு வரலைன்னு நினைச்சேன் பாரு, அது பொய்னு தெரிஞ்ச சந்தோஷத்துலதான் அந்தச் சாக்குல உன்னைப் போட்டுக் கட்டாம விட்டேன்."

"அப்ப ஏன் மறுபடி சின்னதா வச்ச?"

"இத்தனூண்டுல ஓட்டிட்டா எங்கயும் ஓட்டலாம்ல. அதுவும் போக, நீ நாள் பூரா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கல்லு நகத்தினதை பங்குச் சாமி வீட்டு மாடியிலேர்ந்து நானும் அவரும் பாத்தோம்."

ஜூஸ் மூக்கில் ஏறியது.

"குண்டு?" என்றேன்.

"வீடியோவை விளம்பரம் முடியறவரைக்கும் பொறுமையா பாக்கணும், மாஸ்டர்."

அதற்குள் அப்பா போன். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். நாக்பூரிலிருந்து காற்றும் ஹாரனுமாகக் கேட்டது.

"பிரிட்டோ! கிளட்ச் நீயே மாட்டினியாமே! அம்மா சொன்னா!"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்காதாம்ப்பா" என்றேன்.

"என்ன? கேக்கல."

"அக்காதாம்ப்பா மாட்டினா."

"சத்தமாச் சொல்லுடா!"

"கிளட்ச் மாட்டினது அக்கா! கிளட்ச் எரிஞ்சதுக்குக் காரணம் நான்! எட்டைச் சுருக்கினதும் நான்தாம்ப்பா!"

ஜூஸ் கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கால் ஊன்றித் தோற்ற இரண்டு பேரும் உட்பட. அப்பா, "வந்து பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வருகிறார்.

"அடுத்த வருஷம் உனக்கு எல்.எல்.ஆர். போடுவாங்க" என்றாள் அக்கா, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. "அப்ப கல்லு நான்தான் வைப்பேன்."

மே 22, வியாழன்

இந்த நோட்டில் சில திருத்தங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி. எழுதிப் பார்த்தால் வாயில் வரும் என்று நினைக்கிறேன்.

மே 6-ல் எழுதியது மாதாவின் கிருபை அல்ல. மாதாவிடம் அதற்காகத் தனியாகப் பேசிக்கொள்கிறேன். முதல் பூசை ஒன்றுகூட நான் முழுசாகப் பார்க்கவில்லை. செமினரி யோசனையை அம்மா விட்டுவிடலாம், அத்தைக்கும் சொல்லிவிடலாம். மே 17-ல் "மிச்சமில்லை" என்று எழுதியது தவறு, மிச்சம் என் தைல டப்பாவில் இருந்தது. அன்று "தனியொருவனாக" என்றதும் தவறு. டப்பா நிறைய வேலை செய்தான், ஸ்பிரிங் இறுக்கியது அவன்தான், எனக்குக் கை வலித்தது. புது செருப்பு மாதிரி பதமாகும் என்ற கண்டுபிடிப்பை ரத்து செய்கிறேன். பஷீர் அண்ணன் கடைக்குப் போய், குண்டைக் கண்ணால் பார்த்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரித்துவிட்டு, "அப்ப உங்க அக்காவை லீவு நாள்ல வரச் சொல்லு" என்றார்.

அக்கா ஒன்றாம் தேதி சேர்கிறாள். கம்பெனிக்காரர் போன் செய்து, வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். அக்கா, "எட்டு நல்லாப் போடுவேன் சார்" என்றாள்.

இன்னும் ஒன்று. மே 5-ம் தேதி பக்கெட் தானாகப் பதவி விலகவில்லை. பரணில் ஒளித்து வைத்திருந்த முறுக்கு டின்னை எடுக்க அதன் மேல் ஏறி நின்றது நான்தான். சாட்சிக்குக் காயமில்லை என்று எழுதியிருந்தேன். அதுவும் பொய். இன்னும் உட்கார முடியவில்லை.